களத்தின் ஓரத்தில் நாமும் நிற்போம்

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் வேளையில் எழுமலையின் முகமே மாறிவிடுகிறது. ஆடியிலும் ஆவணியிலும் புழுதியை வாரி இறைத்த மேல்காற்று அடங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தென்மேற்குப் பருவமழையால் பெரிய பயனில்லை; அந்த மழையை மலை மறித்துக் கொள்கிறது. அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையே எங்கள் கண்மாய்களை நிரப்ப வேண்டும். அதற்கு முன்னோட்டமாக மாலை வேளைகளில் இடியோடு பெய்யும் சில மழைகளிலேயே கரட்டுச் சரிவுகளில் பச்சை துளிர்த்து, வெயிலின் கடுமை தணிந்துவிடும்.

மேலை நாட்டினர் இப்பருவத்தை இலையுதிர்காலம் என்கின்றனர். நிறம் மாறிய இலைகளைக் காணக் குடும்பத்தோடு புறப்படுவதும், பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஆடுவதைக் கரையில் நின்று பார்ப்பதும் அங்கு அப்பருவத்தின் வழக்கங்கள். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். நமக்கு அது இலை உதிரும் காலமன்று, துளிர்க்கும் காலம். காலாண்டுத் தேர்வு விடுமுறை, சரசுவதி பூசை, காந்தி பிறந்தநாள், தீபாவளி என்று பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள்களும் இதையொட்டியே வருகின்றன. ஓடியாடவும் ஊர் சுற்றவும் இதைவிட ஏற்ற பருவம் தமிழ்நாட்டின் சமவெளியில் வேறில்லை.

ஆனால், இப்பருவத்தை நாம் பிள்ளைகளுக்குத் தருகிறோமா? சிறப்பு வகுப்பும் தனிப்பயிற்சியும் போக எஞ்சிய நேரத்தைக் கைப்பேசி எடுத்துக் கொள்கிறது. இதில் மற்றவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. கடந்த ஆண்டுவரை நானும் அப்படிப்பட்ட தந்தையாகவே இருந்தேன்.

என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்துக்குத் தேர்வாகியிருந்தாள். நம் மாநிலத்தின் பள்ளி விளையாட்டுகள் படிப்படியாக அமைந்தவை. அண்மையிலுள்ள பள்ளிகள் ஒரு குறுவட்டமாகச் சேர்ந்து போட்டியிடும். அதில் வென்றவர்கள் மாவட்ட அளவுக்கும், பின்னர் மாநில அளவிலான பாரதியார் நாள், குடியரசு நாள் போட்டிகளுக்கும் செல்வார்கள். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. பெரிய வீரர்கள் பலரும் இந்தப் புழுதித் தடத்தில் முதல் அடி வைத்தவர்களே.

வேறொரு வேலையாக அன்று விடுப்பு எடுத்திருந்ததால்தான் நான் மைதானத்துக்குச் செல்ல நேர்ந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள், சுண்ணாம்புக் கோடுகள், தொண்டை வறளக் கத்திக் கொண்டிருந்த உடற்கல்வி ஆசிரியர்கள். பெற்றோர் என்று பார்த்தால் பத்துப் பேர்கூட இல்லை. வேலை நாளில் பருத்திக் காட்டையும் கட்டட வேலையையும் விட்டுவிட்டு யார் வருவார்கள்? ஒரு நாள் கூலியை இழந்தால் அந்த வாரச் செலவு தடுமாறும் குடும்பங்கள் இவை. அவர்களைக் குறைகூற முடியாது. ஆனால், மாதச் சம்பளம் வாங்கும் என் போன்றோரும் அங்கு இல்லை என்பதே என்னைச் சுட்டது.

என் மகள் மூன்றாவதாக வந்தாள். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்து, ‘நான் ஓடுனதப் பாத்தீங்களாப்பா?’ என்று கேட்டாள். ‘பாத்தேன், கடைசியில கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா மொதலாவதா வந்திருக்கலாம்’ என்றேன். அந்தச் சிறு முகம் வாடியதை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. அவள் கேட்டது, பார்த்தேனா என்று மட்டுமே. நான் மதிப்பெண் போட்டேன். அன்று மாலை வீட்டில் என் தாயார் அவளை அருகே அழைத்து, ‘கால் வலிக்குதா தாயி?’ என்று கேட்டபடி எண்ணெய் தடவிவிட்டார். அப்பத்தாவிடம் அவள் அந்த ஓட்டத்தை அடி அடியாக விவரித்தாள். என்னிடம் சொல்லியிருக்க வேண்டிய கதை அது.

குழந்தைக்கு விளையாட்டு ஏன் இவ்வளவு இன்றியமையாதது என்பதை நாம் அறிவியல் வழியாகவும் அறிந்துகொள்வது நல்லது. ஐந்து முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடல் நன்கு இயங்கும்படி ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி 11 முதல் 17 வயதுவரை உள்ள பள்ளி மாணவர்களில் உலக அளவில் 81 சதவீதத்தினர் இந்த அளவை எட்டவில்லை எனத் தெரியவந்தது. ஆண் பிள்ளைகளில் 78 சதவீதத்தினர். பெண் பிள்ளைகளில் 85 சதவீதத்தினர்.

இன்னொரு செய்தி கண்களைப் பற்றியது. 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் மதுரை. கண்ணின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீனத்தின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடங்கள் வெளிப்புறச் செயல்பாட்டுக்கு ஒதுக்கினார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அப்பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வைக் குறைபாடு அடைந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். இம்முடிவு 2015-இல் வெளியானது. திறந்தவெளியின் வெளிச்சம் வளரும் கண்ணைக் காக்கிறது. இதற்குத் தனியே கட்டணம் எதுவும் இல்லை.

விளையாட்டு சலுகையன்று, உரிமை. 1989-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாக வரையறுக்கிறது. 1992-இல் இந்தியா அதில் இணைந்தது. நமது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுக் கருவிகளும் வேண்டும் என்கிறது. சட்டத்தில் இடம்பெற்ற மைதானம் பிள்ளையின் கால்களுக்கு எட்ட வேண்டுமானால் வீட்டின் மனமும் ஒத்துழைக்க வேண்டும்.

அந்த மனம் எங்கள் வீட்டிலேயே தடுமாறியது. போட்டி முடிந்த சில வாரங்களில் மகள் பூப்பெய்தினாள். சடங்குக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், ‘பெரிய பிள்ளையாயிட்டா, இனி என்ன ஓட்டமும் ஆட்டமும்?’ என்றார். பலரும் தலையசைத்தனர். மறுக்க வேண்டிய நானும் மௌனமாக இருந்தேன். பெண் பிள்ளைகளின் விளையாட்டு பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. யாரும் தடை ஆணை பிறப்பிப்பதில்லை. ஒரு கூடத்தில், ஒரு வாக்கியத்தில், ஒரு தந்தையின் மௌனத்தில் அது முடிந்துவிடுகிறது.

காலாண்டு விடுமுறையில் வைகை அணைக்குக் குடும்பத்தோடு சென்றோம். உசிலம்பட்டியில் பேருந்து மாறி, ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து செல்லும் பயணமே பிள்ளைகளுக்குப் பாதித் திருவிழா. 1959-இல் திறக்கப்பட்டது இந்த அணை. 71 அடி இதன் முழுக் கொள்ளளவு உயரம். உசிலம்பட்டி வட்டாரத்தின் கண்மாய்களுக்கு நீர் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று மகனுக்குச் சொன்னேன். ‘நம்ம பக்கத்துக்கு வர்ற தண்ணி இதானா?’ என்று அவன் வியந்து நின்றான். பாடப்புத்தகம் தராத ஒரு பாடம் அது.

பூங்காவில் புளியோதரையும் அவித்த கடலையும் உண்ட பிறகு பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கினர். வேறு குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டனர். கோ-கோ ஆடலாம் என்று யாரோ சொல்ல, எப்படி அமர்வது, யாரைத் தொடுவது என்பதில் குழப்பம் உண்டாயிற்று. அப்போது என் மனைவி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார வேண்டும் என்றார். துரத்துபவர் நடுக்கோட்டைக் கடக்கக் கூடாது என்றார். முதுகைத் தொட்டு ‘கோ’ சொன்ன பின்னரே எழ வேண்டும் என்று விளக்கினார். பின்னர் அவரே ஓடினார். மூன்று பிள்ளைகள் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. எங்கள் மகள் வாயடைத்துப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

பத்தாம் வகுப்புவரை அவர் பள்ளியின் கோ-கோ அணியில் ஆடியவர் என்பது, திருமணமாகி 16 ஆண்டுகள் கழித்து அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ‘நீங்க கேக்கவே இல்லையே’ என்றார். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று மகள் கேட்டாள். ‘வேணாம்னு யாரும் சொல்லல. போனு சொல்லவும் யாரும் இல்ல’ என்பது அவர் தந்த விடை. அன்று இரவு வீடு திரும்பியதும் தகரப் பெட்டியின் அடியிலிருந்து மங்கிய சான்றிதழ் ஒன்றை எடுத்து மகளிடம் காட்டினார். ஓட்டத்தைத் தொடர்வதா என்ற பேச்சு அதன்பின் எங்கள் வீட்டில் எழவில்லை.

மதுரை மண்ணில் இதற்குப் பெரிய சான்றுகள் உள்ளன. சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி இளவயதிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்து அவரை வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். பெண் பிள்ளையை விளையாட்டுக்கு அனுப்புவதா என்று உறவினர்கள் கேட்டபோதும் அந்த மூதாட்டி பின்வாங்கவில்லை. தொடக்கத்தில் காலணியின்றி ஓடிய ரேவதி, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் ஓடினார். செவித்திறன் குறைபாடுள்ள மதுரை மாணவி ஜெர்லின் அனிகா, 2022-இல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் இறகுப்பந்துப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று திரும்பினார். என் மனைவி ஆடிய கோ-கோவுக்கும் காலம் கனிந்திருக்கிறது. 2025 ஜனவரியில் புது தில்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையை இந்திய ஆடவர், மகளிர் ஆகிய இரு அணிகளுமே வென்றன.

இவற்றைச் சொல்வதால், ஒவ்வொரு பிள்ளையும் பதக்கத்தோடு திரும்ப வேண்டும் என்று பொருளன்று. அப்படி எதிர்பார்ப்பதே இன்னொரு கேடு. களத்தின் ஓரத்தில் நின்று கத்தும் பெற்றோர், தோல்வியைத் தேர்வுத் தாளைப்போல் திருத்தும் பெற்றோர் விளையாட்டிலிருந்து மகிழ்ச்சியைப் பிழிந்தெடுத்துவிடுகின்றனர். மகிழ்ச்சி போனால் பிள்ளை தானாகவே விலகிவிடும். பார்ப்பதும் உடன் ஆடுவதும் பசியறிந்து சோறிடுவதுமே நம் வேலை. பயிற்றுவிப்பதை ஆசிரியர் பார்த்துக் கொள்வார்.

மழைக்காலத்தில் பெரியவர்கள் உடனிருக்க வேண்டியதற்கு உயிர்க்காரணம் ஒன்றும் உண்டு. உலகில் 2021-இல் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், ஐந்து முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் இறப்புக் காரணங்களில் அது மூன்றாவது இடத்தில் உள்ளது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024-இல் தெரிவித்தது. என் தந்தை எனக்குத் தோட்டத்துக் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி நீச்சல் கற்றுத் தந்தார். ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பின் அத்தகைய கிணறுகள் பல வற்றியும் தூர்ந்தும் கிடக்கின்றன. நீச்சல் அறியாத தலைமுறையொன்று, மண் அள்ளப்பட்ட பள்ளங்களை நீர் மறைத்திருக்கும் கண்மாயில் விடுமுறை நாளில் இறங்குகிறது. பிள்ளைக்கு நீச்சல் கற்றுத் தருவதும், அதுவரை நீர்நிலைக்குத் தனியே அனுப்பாதிருப்பதும் பெற்றோரின் கடமை. இடி இடித்தால் மைதானத்தையும் தனி மரத்தடியையும் விட்டுக் கட்டடத்துக்குள் செல்லவும் பழக்க வேண்டும்.

குடும்ப உலா என்றால் பெருஞ்செலவு என்ற எண்ணமும் தேவையில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு ஒரு நாள் போகலாம். தாமரைக் குளத்தையும் ஐயனார் கோயிலையும் தாண்டிப் படியேறினால், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் காத்திருக்கின்றன. யார் முதலில் ஏறுவது என்று பிள்ளைகள் ஓடுவதே ஒரு போட்டிதான். மேலூர் அருகேயுள்ள அரிட்டாபட்டி, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது; பறவை பார்க்கும் பழக்கத்தை அங்கே தொடங்கலாம். எங்கும் போக இயலாதவர்கள் வீட்டு வாசலில் பாண்டிக் கட்டம் கிழிக்கலாம். திண்ணையில் ஐந்தாங்கல் ஆடலாம். அப்பத்தாக்கள் இன்னும் தோற்கமாட்டார்கள்.

பள்ளிகளும் அரசும் செய்ய வேண்டியவை சில உண்டு. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரை வார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும். காலாண்டு விடுமுறையைச் சிறப்பு வகுப்புகள் விழுங்கக் கூடாது. குறுவட்டப் போட்டிகளின் ஒரு நாளையேனும் சனிக்கிழமையில் வைத்து, பெற்றோருக்கு முறையாக அழைப்பு அனுப்பினால் களத்தின் ஓரம் இப்படி வெறிச்சோடிக் கிடக்காது. சிற்றூர் மைதானங்களில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் அமைந்தாலே, பூப்பெய்திய பின் விலகும் பலர் தொடர்ந்து ஆடுவார்கள். மதுரைப் பந்தயத் திடலின் செயற்கைத் தடம் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு உசிலம்பட்டி வழியாக நெடும் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. பேரூராட்சி தோறும் ஒழுங்கான ஒரு மண் தடமாவது வேண்டும் என்பது பேராசையாகாது.

இந்த ஆண்டும் குறுவட்டப் போட்டி நடந்தது. முன்கூட்டியே விடுப்புச் சொல்லிவிட்டு நானும் மனைவியும் என் தாயாரும் சென்றோம். மகள் ஐந்தாவதாக வந்தாள். ‘பாத்தீங்களாப்பா?’ என்று கேட்டாள். ‘பாத்தேன்’ என்று மட்டும் சொன்னேன். அருகில் நின்ற வேறொரு சிறுமி, தன்னை யாராவது பார்த்தார்களா என்று கூட்டத்தில் தேடிக் கொண்டிருந்தாள். என் மனைவி அவளையும் அழைத்துத் தண்ணீர் கொடுத்து, நன்றாக ஓடினாய் என்றார்.

மேற்கே மலையில் மேகம் கூடுகிறது. பள்ளிகள் விடுமுறைக்குத் தயாராகின்றன. நம் பிள்ளைகள் ஓடப்போகும் களம் எதுவாயினும் அதன் ஓரத்தில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதை இந்தப் பருவத்திலாவது நாம் நிரப்ப வேண்டும்.